கதிர் முற்றும்போது அடிக்கும் சூடும் அரிசியின் தரமும்

ஒரே ரகம், ஒரே ஆலை, ஒரே மார்க்கா. மார்ச் மாதம் வாங்கிய சிப்பத்தில் அரிசி கண்ணாடி போல இருக்கிறது. ஜூன் மாதம் வந்த சிப்பத்தைப் பிரித்தால் கைப்பிடியில் கால்வாசி அரிசியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளை. நொய்யும் கூடுதல். "என்ன அண்ணாச்சி, போன தடவை கொடுத்த அரிசி இது இல்லையே, குழைஞ்சு போகுதே" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரர் மண்டிக்குப் போன் போடுகிறார். மண்டியிலிருந்து ஆலைக்குப் போகிறது. "நெல்லே அப்படித்தானய்யா வந்தது" என்கிறார் ஆலைக்காரர். இதை யாரும் நம்புவதில்லை. மட்ட ரகத்தைக் கலந்துவிட்டார்கள் என்றே நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

கலப்படம் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மேலே சொன்ன விவகாரங்களில் ஆலைக்காரர் சொல்வதே உண்மையாக இருக்கும் சந்தர்ப்பங்கள் அதிகம். பூத்த பிறகு கதிர் முற்றும் நாட்களில் என்ன சூடு அடித்தது என்பதைப் பொறுத்து, ஒரே விதை நெல் இரண்டு விதமான அரிசியைக் கொடுக்கும். விவசாயத் துறையினர் இதை நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். வாங்கி விற்கும் நம் பக்கத்துக்குத்தான் விஷயம் சரியாக வந்து சேரவில்லை.

நெற்பயிர் பூத்த நாளிலிருந்து அறுவடைக்கு நம் சீதோஷ்ணத்தில் சுமார் 30 நாள். உமிக் கூடு பூக்கும் முன்பே அளவாக அமைந்துவிடுகிறது. அந்தக் கூட்டுக்குள் அரிசி முதல் வாரத்தில் நீளத்தை எட்டும். பிறகு அகலம், கடைசியாகக் கனம். பால் பிடித்து, பால் கெட்டியாகி, மாவாகி, பிறகு மணி இறுகும். இலையில் தயாராகும் சர்க்கரைச் சத்து தண்டு வழியாக மணிக்குள் வந்து மாவுச் சத்தாக மாறிச் சின்னஞ்சிறு துகள்களாக அடுக்கப்படுகிறது. நடுவில் முதலில் நிறைந்து, பிறகு வெளிப்பக்கத்துக்கு வரும். துகள்கள் இடைவெளி இல்லாமல் இறுகி அடுங்கினால் அரிசி தெளிவாக இருக்கும். அடுக்கு தளர்ந்து இடையில் காற்று நின்றால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். நம் கடையிலேயே உதாரணம் உண்டு. கற்கண்டு தெளிவாக இருக்கிறது, அதையே இடித்தால் வெள்ளைப் பொடி. பொருள் மாறவில்லை, இடையில் காற்று புகுந்தது, அவ்வளவுதான்.

முற்றும் காலத்தில் சூடு கூடினால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, மணி அவசரமாக நிறைகிறது. 30 நாளில் ஆக வேண்டியது சில நாள் முன்னதாகவே முடிந்துபோகும். இன்னொன்று, சர்க்கரையை மாவுச் சத்தாக்கும் நொதிகளின் வேலை சூட்டில் மந்தப்படுகிறது. மாவுச் சத்தை உடைக்கும் நொதி மட்டும் சுறுசுறுப்பாகிறது. வரத்து அவசரம், அடுக்குகிற ஆள் குறைவு, அடுக்கியதையும் ஒருவன் கலைக்கிறான் என்றால் குடோன் எப்படி இருக்கும்? மணியும் அப்படித்தான் ஆகிறது. வெள்ளை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்துக்கூட ஓரளவு கணக்குச் சொல்லலாம். நடு வெள்ளை பெரும்பாலும் மணி நிறைந்துகொண்டிருந்த பாதி வழியில் வந்த கேடு. முதுகிலும் அடியிலும் வெள்ளை என்றால் கடைசி நாட்களில் வந்தது.

பகல் வெயில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நாம் நினைப்போம். ராத்திரிச் சூடும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியது. பகலில் சேர்த்த சத்தில் ஒரு பகுதியைப் பயிர் இரவில் மூச்சு விடுவதற்குச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1992 முதல் 2003 வரையிலான விளைச்சலைக் கணக்கிட்டு 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிர்க் காலத்து இரவு வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்றும், பகல் வெப்பத்துக்கும் விளைச்சலுக்கும் அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை என்றும் கண்டார்கள். 1979-லிருந்து 2003-க்குள் அந்தப் பண்ணையில் இரவு வெப்பம் 1 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. இது எடையைப் பற்றிய கணக்கு. தரத்தைப் பற்றி அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே நெல் அதிகம் விளையும் அர்கன்சாஸ் மாநிலத்தில் 2010-ல் கதிர் முற்றும் சமயத்து இரவுகள் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தன. அந்த வருட நெல்லை அரைத்தபோது முழு அரிசி குறைந்தது, வெள்ளை கூடியது. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தார் இரவுச் சூட்டோடு அதைப் பொருத்திக் காட்டினார்கள்.

இதை நம் பட்டங்களோடு வைத்துப் பார்ப்போம். சம்பா நெல் முற்றுவது மார்கழி, தை மாதங்களில். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அப்போது பகலில் 30 டிகிரி, இரவில் 21 டிகிரி அளவுதான் இருக்கும். பனி விழும், காலை வெயில் இதமாக இருக்கும். குறுவை முற்றுவது ஆவணி, புரட்டாசியில். பகல் 35, இரவு 25. நவரை முற்றுவது பங்குனி, சித்திரையில். பகல் 37-ஐத் தொடும், இரவு 26-க்குக் கீழே இறங்காது. தாளடி மாசி வாக்கில் வருவதால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். "சம்பா அரிசிதான் அரிசி" என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு நீண்ட கால ரகம் என்பது ஒரு காரணம். முற்றும் நாட்களில் கிடைத்த குளிர்ந்த இரவு இன்னொரு காரணம். சம்பாவிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்காமல் தள்ளிப் போகும் வருடங்களில் நடவும் தள்ளிப் போகிறது. தையில் முற்ற வேண்டிய நெல் மாசிக் கடைசிக்குப் போனால், பெயர் சம்பாதான், அரிசி சம்பா அரிசியாக இருக்காது.

எல்லா ரகமும் ஒன்று போலச் சூட்டுக்குக் கெடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணி தடித்த குண்டு ரகங்களில் குளிர் காலத்திலும் வயிற்று வெள்ளை கொஞ்சம் இருக்கும். அது ரகத்தின் குணம். இட்லிக்கு ஊற வைத்து ஆட்டுகிற அரிசியில் அதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஜப்பானில் சாராயம் வடிக்கும் அரிசிக்கு நடு வெள்ளை இருந்தால்தான் மதிப்பு. இத்தாலிக்காரர்கள் ரிசோட்டோ என்று ஒன்று சமைக்கிறார்கள், அதற்குப் போடும் அரிசியிலும் நடுவில் வெள்ளை உண்டு. நாம் கவலைப்பட வேண்டியது, வெள்ளை இருக்கக் கூடாத சன்ன ரகச் சோற்றரிசியில் அது வந்தால்தான்.

வெள்ளை விழுந்த அரிசி கண்ணுக்கு மட்டும் குறை என்றால் இவ்வளவு எழுத வேண்டாம். அந்த இடம் மென்மையானது. ஆலையில் உமி நீக்கும்போதும் பாலிஷ் போடும்போதும் அங்கேதான் முறியும். அரசு அரவைக் கணக்குப்படி 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி. ஒரு பேச்சுக்கு, நல்ல நெல்லில் அதில் 55 கிலோ முழு அரிசி, 12 கிலோ நொய் என்று வைத்துக்கொள்வோம். சூட்டில் முற்றிய நெல்லில் முழு அரிசி 45-ஆக இறங்கி நொய் 22-ஆக ஏறுகிறது. முழு அரிசி கிலோ 50 ரூபாய், நொய் 25 ரூபாய் என்று விலை போட்டால் முதல் நெல்லுக்கு 3,050 ரூபாய், இரண்டாவதற்கு 2,800 ரூபாய். குவிண்டாலுக்கு 250 ரூபாய் காணாமல் போகிறது. கூலி, கரண்டு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த 250 ரூபாயை யார் தலையில் வைப்பது என்பதில்தான் தகராறே வருகிறது. விவசாயியிடம் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். குறைக்க முடியாத இடத்தில் நொய்யைப் பிரிக்காமல் சிப்பத்திலேயே விட்டுவிடுவார்கள். அது கடைசியில் சில்லறைக் கடைத் தராசுக்கு வந்து சேர்கிறது.

இந்த இடத்தில் பச்சரிசி வேறு, புழுங்கலரிசி வேறு. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச் சத்து கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இடையில் நின்ற காற்று போய்விடுகிறது. வெள்ளை மறைந்து அரிசி தெளிந்துவிடும். மணியில் இருந்த விரிசலும் பெரும்பாலும் கூடிவிடும், நொய் குறையும். மத்திய அரசின் கொள்முதல் விதியில் பச்சரிசிக்கு வெள்ளை அரிசி 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். புழுங்கலுக்கு அந்த வரம்பு வைக்கவில்லை. பாதிக்கு மேல் பால் போல் வெளுத்து, நொறுங்கும் தன்மையோடு இருப்பதைத்தான் அந்த விதி வெள்ளை அரிசி என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே நவரை நெல்லை நல்ல ஆலைக்காரர் புழுங்கலுக்குத் திருப்பிவிடுவார். பச்சரிசிக்கும், அரைகுறையாக ஆவி காட்டும் ஸ்டீம் அரிசிக்கும் சம்பா நெல்லை வைத்துக்கொள்வார். புழுங்கலரிசியின் நடுவில் வெள்ளை தெரிந்தால் அது பெரும்பாலும் அவியல் போதாததால் வந்தது. அதற்கு வயலையோ வெயிலையோ குறை சொல்வதற்கில்லை, ஆலையைத்தான் கேட்க வேண்டும்.

2024 கோடை எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, கரூர்ப் பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தாண்டி அடித்தது. அந்த ஜூலையில் எங்கள் மண்டியிலிருந்து சன்னப் பச்சரிசி எடுத்த கடைக்காரர் ஒருவர் 30 சிப்பத்தைத் திருப்பி அனுப்பினார். ரகம் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்பது அவருடைய வாதம். மார்ச் மாதச் சாம்பிளையும் அந்தச் சரக்கையும் கருப்புத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினோம். நீளமும் அகலமும் ஒன்றேதான். மட்ட ரகம் கலந்திருந்தால் அளவு வேறுபட்டிருக்கும். வெள்ளை மட்டும் நூற்றுக்கு 4 இருந்த இடத்தில் 19 இருந்தது. ஆலையில் கேட்டதில் சித்திரையில் அறுத்த நெல் என்று ஒப்புக்கொண்டார்கள். ரகம் மாறவில்லை என்பதைக் கடைக்காரரும் ஏற்றார். ஆனாலும் மார்ச் மாத விலைக்கு அந்தச் சரக்கை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமில்லை. சிப்பத்துக்கு ஒரு தொகை குறைத்துக்கொடுத்து, ஆலைக்காரரும் நாங்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டோம். வாங்கும்போதே "எந்தப் பட்டத்து நெல்" என்ற ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், வண்டி வாடகை கொடுத்து 30 சிப்பம் போய்வந்திருக்க வேண்டியதில்லை.

சமையலில் என்ன வேறுபாடு வரும் என்பதுதான் வாடிக்கையாளருக்கு வேண்டிய செய்தி. வெள்ளை விழுந்த இடம் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். ஊறும்போதே சில மணிகள் வெடிக்கும். வேகும்போது உடைந்து கஞ்சி கெட்டியாகும், சோறு குழையும். அதே சமயம் சூட்டில் முற்றிய அரிசியில் மாவுச் சத்தின் அமைப்பு மாறுவதால், அது கூழாவதற்குச் சற்று அதிகச் சூடு தேவைப்படும். ஆகையால் மேலே குழைந்தும் உள்ளே நறுக்கென்றும் இருக்கிறது என்ற புகார் வரும். சோறு உதிரியாக நிற்பதற்குக் காரணமான அமைலோஸ் என்ற பகுதியும் சில ரகங்களில் சூட்டினால் குறைகிறது. அவற்றில் சோறு ஒட்டும். இத்தோடு புது அரிசி என்ற காரணமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். புது அரிசியின் குழைவு சில மாதம் இருப்பு வைத்தால் சரியாகும். வெள்ளை இருப்பு வைத்துப் போகாது. மாறாக, நொய்யும் மாவும் கூடுதலாக இருக்கும் மூட்டையில் வண்டு சீக்கிரம் பிடிக்கும். நவரைப் பச்சரிசியை நீண்ட நாள் குடோனில் வைக்காமல் முதலில் தள்ளிவிடுவது நல்லது.

இதெல்லாம் நம் ஊர்ச் சங்கதி மட்டும் என்று எண்ண வேண்டாம். ஜப்பானில் அரிசியை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்தே விலை வைக்கிறார்கள். முதல் தரத்துக்குக் குறை இல்லாத முழு மணி நூற்றுக்கு 70-க்குக் குறையக் கூடாது. கதிர் வந்த பின் 20 நாளைக்குச் சராசரி வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டினால் வெள்ளை கூடும் என்பது அவர்கள் கண்ட அளவு. அது அவர்கள் ரகத்துக்கு உள்ள கணக்கு. நம் ரகங்கள் அதைவிடச் சூடு தாங்கும். இல்லாவிட்டால் குறுவை என்ற பட்டமே நமக்கு இருந்திருக்காது. அங்கே நிகாதா என்ற மாகாணத்தில் விளையும் கோஷிஹிகாரி ரகத்துக்கு நம் ஊரில் பொன்னிக்கு இருப்பதைப் போலப் பெயர். 2010 கோடைச் சூட்டில் அந்த மாகாணத்துக் கோஷிஹிகாரியில் முதல் தரம் நூற்றுக்கு 20 அளவுக்கு இறங்கியது. 2023-ல் ஜப்பானில் பதிவு தொடங்கிய பின் அதுவரை இல்லாத கோடை. முதல் தரம் நூற்றுக்கு 5-க்கும் கீழே போனது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். 2023 நெல் விளைச்சல் அளவில் பெரிதாக விழவில்லை. ஆனால் வெள்ளை அரிசி அரவையில் உடைந்து, பொறுக்கியதில் கழிந்து, விற்பனைக்கு வந்த முழு அரிசி குறைந்தது. சுற்றுலாப் பயணிகளின் வருகையால் தேவை கூடியது. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை வந்ததும் மக்கள் வாங்கிச் சேர்த்தார்கள். கடைகளில் அரிசி அலமாரி காலியானது. 2025 வசந்த காலத்தில் அங்கே 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டி, முந்தைய வருட விலையைப் போல இரண்டு மடங்கு ஆனது. அரசாங்கம் அவசர காலத்துக்கென்று வைத்திருந்த இருப்பை எடுத்து ஏலம் விட வேண்டி வந்தது. சூடு ஒன்றே இத்தனைக்கும் காரணம் என்று சொல்ல மாட்டோம். நெல் மகசூல் அறிக்கையை மட்டும் பார்த்து அரிசி வரத்தைக் கணக்கிட்டால் ஏமாறுவோம் என்பதற்கு அது போதிய உதாரணம். சூட்டைத் தாங்கும் ரகங்களை அவர்கள் பல வருடமாகவே விட்டு வருகிறார்கள். நிகாதாவே ஷின்னோசுகே என்று ஒன்றை விட்டிருக்கிறது.

பாசுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரியாணி இலை என்று சிலர் வீட்டில் வளர்க்கும் ரம்பை இலையின் வாசனையும் பாசுமதியின் வாசனையும் ஒரே பொருளால் வருவது. கதிர் முற்றும்போது குளிர்ச்சி இருந்தால் அந்த வாசனை நன்றாகச் சேரும், சூட்டில் குறையும். பஞ்சாப், அரியானா பக்கம் ஐப்பசி வாக்கில் இரவு குளிரத் தொடங்கும்போது அது முற்றுகிறது. 2016-ல் பாசுமதிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது இமயமலை அடிவாரத்தை ஒட்டிய மாநிலங்களுக்கு மட்டும் கொடுத்ததில் இந்த சீதோஷ்ணத்துக்கும் பங்குண்டு. அதே விதையை வேறு சூட்டில் போட்டு எடுத்த நீள அரிசி, பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பானையைத் திறந்தால்தான் தெரியும்.

இனி, கடையில் செய்யக்கூடியது. குத்தூசி போட்டு நாலைந்து மூட்டையில் அரிசி எடுத்து, கருப்புத் துணியில் 100 மணியை எண்ணிப் பரப்பிப் பாருங்கள். பாதிக்கு மேல் வெளுத்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு மணிகளை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து அடியில் டார்ச் அடித்தால் குறுக்கே ஓடும் மயிரிழை விரிசல் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முற்றிய மணியில் ஆலையோ களமோ வெள்ளையை உண்டாக்க முடியாது. அது வயலோடு வந்தது. விரிசல் வேறு வழியிலும் வரும். அறுக்க வேண்டிய நாள் கடந்து நின்ற கதிர் பகலில் காய்ந்து இரவுப் பனியில் நனைந்தாலும், ரோட்டில் தார் சூட்டில் கொட்டிக் காய வைத்தாலும் மணி வெடிக்கும். ஆகவே வெள்ளை இல்லாமல் நொய் மட்டும் கூடுதலாக இருந்தால் காய வைத்தவரையும் அரைத்தவரையும் கேட்கலாம். வெள்ளையும் நொய்யும் சேர்ந்து வந்தால் முதலில் பட்டத்தைக் கேளுங்கள். மேகமூட்டம், தண்ணீர்ப் பற்றாக்குறை, பால் பிடிக்கும் சமயத்துப் பூச்சி, முற்றாமல் அறுப்பது இவற்றாலும் வெள்ளை வரும். முற்றாத நெல் என்றால் பச்சை மணியும் சேர்ந்தே இருக்கும்.

விவசாயி பக்கத்திலும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பருவம் தவறாமல் நடுவது, முற்றும் நாட்களில் வயலைச் சீக்கிரமே காயப் போடாமல் இருப்பது, கதிரில் நூற்றுக்கு 80 மணி பழுத்ததும் அறுத்துவிடுவது. மெஷின் கிடைக்காமல் பத்து நாள் காத்திருக்கும் நெல்லுக்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை. மண்டியிலிருந்து போகும் பில்லில் ரகம், மார்க்கா, எடை எழுதுகிறோம். அதோடு சம்பா, தாளடி, நவரை, குறுவை என்று நெல்லின் பட்டத்தையும், அறுத்த மாதத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடலாம். ஆலைக்காரர்களிடம் கேட்டு வாங்குவது மொத்த வியாபாரிகளின் பொறுப்பு. ஆரம்பத்தில் தயங்குவார்கள், பத்துக் கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கினால் கொடுத்துவிடுவார்கள். நவரைப் பச்சரிசிக்குச் சம்பா விலை கொடுக்க வேண்டிய அவசியம் அப்போது யாருக்கும் இராது. விலை குறைவாகக் கிடைத்தால் மாவுக்கும் இட்லிக்கும் தனியாக விற்க அது நல்ல சரக்கு.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். பழைய சம்பாச் சரக்கு பாதியும் புது நவரைச் சரக்கு பாதியுமாகத் தொட்டியில் கொட்டிச் சமாளித்துவிடலாம் என்று சில கடைகளில் செய்கிறார்கள். இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு, தண்ணீர் பிடிக்கும் அளவு வேறு. ஒரு பானையில் ஒன்று குழைந்து நிற்கும்போது இன்னொன்று விதையாக நிற்கும். இரண்டு சரக்குக்குமே கெட்ட பெயர் வரும். தனித்தனித் தொட்டியில் வைத்து, வாங்குகிறவரிடம் இதற்கு இவ்வளவு தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் போதும்.